தலை நனையாத நீச்சல்

மின்னஞ்சல் வந்தபோது கற்பகம் போடி பேருந்து நிலையத்தில் சிலமலை பஸ்சுக்காக நின்றுகொண்டிருந்தாள். முதல் வரியில் 'மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்' என்று இருந்ததைப் பார்த்த வேகத்தில், கண்ணெதிரே வந்து நின்று கிளம்பிப் போன பஸ்சைக்கூட அவள் கவனிக்கவில்லை. அடுத்த பஸ்சு வர முக்கால் மணி நேரமானது. அதில் சன்னலோரம் உட்கார்ந்து மறுபடியும் நிதானமாகப் படித்தபோதுதான் நாலாவது பத்தியில் இருந்த நிபந்தனை கண்ணில் பட்டது.

பிலிப்பைன்ஸில் ஒரு சின்னத் தீவு. அங்கே கடற்புல் படுகைகளைக் காப்பதற்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம். ஆறு மாதம் அங்கேயே தங்கி, கடலுக்குள் இறங்கி, கையால் செய்து வேலை கற்றுக்கொள்ளப் பல நாடுகளிலிருந்தும் எட்டுப் பேரை எடுக்கிறார்கள். போக்குவரத்து, இடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. அந்த எட்டுப் பேரில் கற்பகம் ஒருத்தி. ஆனால் நிற்காமல் இருநூறு மீட்டர் நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். எதையும் பிடிக்காமல் ஆழத்தில் பத்து நிமிடம் மிதக்க வேண்டும். இரண்டும் இவளுக்கு வரும் என்று தகுதிபெற்ற நீச்சல் பயிற்சியாளர் ஒருவர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திய தாளை மூன்று வாரத்துக்குள் அனுப்ப வேண்டும்.

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆறு வயதில் வெள்ளைத்துரை சித்தப்பாவின் தோட்டத்துக் கிணற்றில் அவளை இடுப்பில் கயிறு கட்டி இறக்கிவிட்டது அம்மா அன்னக்கொடிதான். பத்து வயதில் மோட்டார் ரூம் கூரையிலிருந்து குதித்தவள். இதற்கா ஒரு தாள்?

கடல் உயிரியல் அவள் ஆசைப்பட்டு எடுத்த படிப்பு இல்லை. விலங்கியலில் இடம் கிடைக்கவில்லை, தூத்துக்குடியில் இது கிடைத்தது, சேர்ந்தாள். சேர்ந்த பிறகு கடற்புல் அவளைப் பிடித்துக்கொண்டது. பார்த்தால் வயல் வரப்பில் முளைத்த கோரை மாதிரி இருக்கும். அதை நம்பிக் கடற்பசுவும் ஆமையும் மீன்குஞ்சும் உயிர் பிழைத்துக் கிடக்கும். ஆனால் முதுகலை படித்த இரண்டு வருடத்தில் அவள் படகில் போனது ஒரே நாள், அதுவும் அரை நாள். மற்ற நாளெல்லாம், முங்குகிற ஆட்கள் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்து போட்ட புல்லைக் கழுவி, இலையை எண்ணி, அளந்து, காயவைத்து, எடை போட்டு நோட்டில் எழுதிய வேலைதான். புல் முளைத்து நிற்கும் இடத்தை அவள் கண்ணால் பார்த்ததில்லை.

படிப்பு முடிந்து ஒரு வருடம் ஓடிவிட்டது. பதினோரு இடத்துக்கு விண்ணப்பம் போட்டாள். எல்லா இடத்திலும் கடைசியில் ஒரே கேள்வி: "கள அனுபவம் உண்டா?" அனுபவம் இருந்தால்தான் வேலை, வேலை கொடுத்தால்தான் அனுபவம். இந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி அவளுக்குத் தலை கிறுகிறுத்துப் போயிருந்தது. பன்னிரண்டாவதாகப் போட்டது இந்தத் தீவு.

சாயங்காலம் அன்னக்கொடி வேலை முடிந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். அன்னக்கொடி விடிவதற்கு முன்னால் ஜீப்பில் ஏறி போடிமெட்டு தாண்டிப் பூப்பாறைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவள். அந்த ஜீப்பை ஓட்டுவது கற்பகத்தின் அப்பா பெரியகருப்பன். இரண்டு பேர் உடுப்பிலும் ஏலக்காய் வாசமும் ஈர மண் வாசமும் கலந்து அடிக்கும்.

"நீ நீந்துவேன்னு ஊருக்கே தெரியுமே" என்றாள் அன்னக்கொடி, காலில் ஒட்டியிருந்த அட்டையை உப்பு வைத்து உதிர்த்துக்கொண்டே. "வெள்ளைத்துரை சித்தப்பாவக் கையெழுத்துப் போடச் சொல்லு. அவருதான நீ குதிச்சதையெல்லாம் பாத்தவரு."

"கோச் போடணும்மா. சீலு வேற வேணும்."

"அப்ப வீடியோ எடுத்து அனுப்பு. கண்ணால பாத்தா நம்பமாட்டாங்களா?"

அது சரியான யோசனையாகத்தான் தோன்றியது. மலையில் சாரல் பிடித்திருந்ததால் கிணற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை. சதுரக் கிணறு. வெள்ளைத்துரை கயிறு போட்டு அளந்து, சுவருக்குச் சுவர் முப்பத்தாறு அடி என்றார். பத்தொன்பது தடவை போனால் இருநூறு மீட்டருக்கு மேலேயே வரும். மறுநாள் வெளிச்சம் மங்குவதற்குள் அன்னக்கொடி வந்து போனைப் பிடிக்க, சித்தப்பா மேட்டில் நின்று ஏலம் விடுகிற மாதிரிச் சத்தம் போட்டு எண்ண, கற்பகம் பத்தொன்பது தடவை நீந்தி முடித்தாள். ஏறி வந்து பார்த்தால் முழு வீடியோவிலும் அம்மாவின் கட்டைவிரல்தான் தெரிந்தது.

"நீ தண்ணிக்குள்ள இருக்கிற பதற்றத்துல பாக்கலடி" என்றாள் அன்னக்கொடி.

இன்னொரு முறை இறங்கி இன்னொரு பத்தொன்பது தடவை நீந்தினாள்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. எழுதியவள் மாரிசெல் என்ற ஒருங்கிணைப்பாளர். வார்த்தைக்கு வார்த்தை மரியாதை. 'அன்புள்ள கற்பகம், வீடியோவுக்கு நன்றி. மிக அழகான இடம். ஆனால் எங்கள் பாதுகாப்புக் குழு இதை ஏற்க இயலாத நிலையில் இருக்கிறது. நீளம் உறுதிசெய்யப்பட்ட குளமாக இருக்க வேண்டும். மேலும், அங்கே படிக்கட்டில் உங்களுக்கு அருகில் இருப்பது பாம்பா?'

கற்பகம் வீடியோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தண்ணீர்ப்பாம்புதான். அது அங்கேயே குடியிருப்பது. யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. போனைக் கட்டிலில் வீசி எறிந்துவிட்டு வெளியே போனாள். திரும்பி வந்து, திரை உடைந்திருக்கிறதா என்று பார்த்தாள்.

போடியில் நீச்சல் குளம் இல்லை. தேனிப் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் இருந்தது. எங்கள் மாணவர்களுக்கு மட்டும்தான் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். மதுரையில் நாலு குளத்துக்குப் போன் போட்டாள். மூன்றில் பெண்களுக்கு நேரமே ஒதுக்கவில்லை. நாலாவதில் மதியம் மூன்று முதல் நாலு வரை உண்டு என்றார்கள். நேரில் போனாள்.

பயிற்சியாளர் தங்கபாண்டிக்கு நாற்பது வயது இருக்கும். கழுத்தில் விசில், கையில் வருகைப் பதிவேடு. அவள் சொன்னதைப் பாதி கேட்டுக்கொண்டே பதிவேட்டில் டிக் அடித்தார்.

"சும்மா வந்து நீந்திக் காட்டுனா சான்றிதழ் குடுக்க மாட்டோம்மா. பன்னெண்டு வகுப்புப் படிக்கணும். கடைசி வகுப்புல டெஸ்ட் வைப்போம். பாஸானா குடுப்போம்."

"எனக்கு நீச்சல் தெரியும் சார். இப்பவே பாருங்க. இன்னும் பதினஞ்சு நாள்தான் இருக்கு."

"எல்லாரும் தெரியும்னுதாம்மா சொல்றாங்க. சேர்றதுன்னா சேருங்க. நைலான் உடுப்புக் கட்டாயம், சுடிதார் கூடாது."

சேர்ந்தாள். தினமும் பதினோரு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி, போடியில் மதுரை பஸ்சு பிடித்து, ஆரப்பாளையத்தில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ்சில் தொங்கிக்கொண்டு மூன்று மணிக்குக் குளம். நாலு மணிக்குக் கிளம்பினால் வீடு வந்து சேர இரவு எட்டாகும். ஒரு மணி நேரத் தண்ணீருக்கு எட்டு மணி நேரப் பஸ்சு.

முதல் நாள் அவளை ஏழெட்டுப் பிள்ளைகளோடு ஆழமில்லாத பக்கத்தில் நிறுத்தினார்கள். தண்ணீர் அவள் இடுப்புக்கும் வரவில்லை. எல்லோர் கையிலும் ஒரு மிதவைப் பலகை. சுவரைப் பிடித்துக் காலை உதறச் சொன்னார் தங்கபாண்டி. ஒரு மணி நேரம் உதறினார்கள். பக்கத்தில் இருந்த ஆறு வயதுக்காரி, "அக்கா, உங்களுக்குப் பயமா இருக்கா? எனக்கும் முன்னாடி பயமா இருந்துச்சு" என்று ஆறுதல் சொன்னாள்.

இரண்டாம் நாளும் உதறல். மூன்றாம் நாள், "சார், என்னைய மட்டும் ஆழத்துல விடுங்க சார்" என்று கேட்டாள். "வரிசைப்படிதாம்மா" என்றார். நாலாம் நாள் பலகையோடு பாதிக் குளம். ஐந்தாம் நாள் போனால் கேட்டில் பூட்டு. தண்ணீர் மாற்றுகிறார்களாம், இரண்டு நாள் விடுமுறையாம். காவல்காரர் சோணை பீடியைக் காதில் செருகிக்கொண்டு, "நேத்தே போர்டுல எழுதிப் போட்டோம்ல" என்றார். போர்டு ஆண்கள் வாசல் பக்கம் தொங்கியது.

அங்கேயே கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினாள். திங்கட்கிழமை விடுமுறைகளையும் இந்த இரண்டு நாளையும் சேர்த்தால் கெடு தாண்டிவிடும். மாரிசெல்லுக்கு எழுதினாள். எழுதி எழுதி அழித்தாள். கோபம் தெரியாமல் எழுதுவதற்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. மூன்று நாள் நீட்டிப்புக் கிடைத்தது. 'இதற்கு மேல் இயலாது, காத்திருப்போர் பட்டியலில் ஆட்கள் இருக்கிறார்கள்' என்ற வரியோடு. பன்னிரண்டாம் வகுப்பு வருகிற நாளும் கெடு முடிகிற நாளும் ஒன்றாகவே விழுந்தன.

வீட்டில் பெரியகருப்பனுக்கு இதெல்லாம் விளங்கவில்லை. "மலையேறுற ஜீப்புக்காரன் மக. கடலு கடலுன்னு அலையிற. போடியில ஏலக்காய்க் கம்பெனில கம்ப்யூட்டர் வேலைக்கு ஆள் கேக்குறாங்க. ரெண்டு எட்டுல போய்ட்டு வந்துரலாம்" என்றார் ஒரு நாள் சாப்பாட்டின்போது.

"அப்பா, இப்பப் பேசாதீங்க."

"பேசாட்டி எப்ப?"

"சான்றிதழ் வந்தப்புறம் பேசுங்க!" என்று தட்டை நகர்த்திவைத்துவிட்டு எழுந்தாள். தப்பு அப்பா மேல் இல்லை என்று தெரிந்துதான் இருந்தது. யார் மேல் என்று தெரிந்தால் அவர்கள்மேல் கத்தியிருப்பாள்.

கடைசி நாள் அன்னக்கொடியும் கூட வருவதாகச் சொன்னாள். தோட்டத்தில் காய் பழுத்து நிற்கிற நேரம். லீவு கேட்டதற்கு மேஸ்திரி, முடியாது என்பதை மலையாளத்தில் "பற்றில்லா" என்று சொல்லிக் கையை விரித்திருக்கிறார். "பத்துமோ பத்தாதோ, நான் வரலை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அன்று மூன்று மணிக்குத் தங்கபாண்டி தண்ணீர் ஓரமாக நின்று கைதட்டி எல்லோரையும் கூப்பிட்டார். "இன்னைக்கு எனக்கு ஒரு மீட்டிங் இருக்கு. மூணரைக்குக் கிளம்பணும். டெஸ்டு வியாழக்கிழமை வச்சுக்கலாம். இன்னைக்குப் பலகை பிராக்டிஸ்."

பிள்ளைகள் "ஹே" என்று கத்திக்கொண்டு குதித்தன. கற்பகம் அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார், எனக்கு இன்னைக்குத்தான் கடைசி. மொத நாள்லயிருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்."

"ரெண்டு நாள்ல என்னம்மா ஆயிரப்போகுது? மெயில் போட்டுச் சொல்லுங்க."

"போட்டாச்சு சார். அவுங்க குடுத்த மூணு நாளும் முடிஞ்சுபோச்சு. நீங்க பாக்க வேண்டியது எட்டு நீளம், பத்து நிமிஷ மிதப்பு. அரை மணி நேரம்கூட ஆகாது."

"ஒருத்தருக்காக ரூலை மாத்த முடியாதும்மா."

அந்தக் குளத்தில் ரூல் எழுதிய பலகை ஒன்று சுவரில் இருந்தது. பன்னிரண்டு நாளாக உதறிக்கொண்டே அதை வரி வரியாகப் படித்து அவளுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. ஏழாவது விதி: தண்ணீரில் ஆள் இருக்கும்வரை பயிற்சியாளர் குளத்தைவிட்டு அகலக் கூடாது.

அவள் கையிலிருந்த மிதவைப் பலகையைக் கீழே வைத்தாள். ஆழமான பக்கத்துக்கு நடந்துபோய், ஓரத்தில் நின்று, கிணற்றில் குதிக்கிற மாதிரியே காலை மடக்கிக் குதித்தாள். மேலே வந்ததும் நீந்தத் தொடங்கினாள். யாரும் சொல்லாமலே பிள்ளைகளின் அம்மாக்களில் ஒருத்தி ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள். அவள் பெயர் வித்யா. அந்த ஆறு வயதுக்காரியின் அம்மா. எட்டாவது நீளம் முடிந்தபோது, "இருநூறு மீட்டர் ஆயிருச்சு சார்" என்று கூவினாள்.

தங்கபாண்டி இடுப்பில் கை வைத்து நின்றார். "இது நீச்சலே இல்லம்மா. ஸ்டைலே கிடையாது. ஏறி வாங்க."

கற்பகம் குளத்தின் நடுவுக்குப் போனாள். பதினோரு அடி ஆழம். அங்கே நின்ற நிலையில் கையைக் காலை அசைத்து மிதந்தாள். "கையெழுத்துப் போடுங்க சார். ஏறுறேன்."

"விளையாடாதீங்க. எனக்கு நேரமாகுது."

"நீங்க போங்க சார்" என்றாள் கற்பகம். "ஏழாவது ரூலு என்ன சொல்லுதுன்னு பாத்துட்டுப் போங்க."

தங்கபாண்டி சுவரிலிருந்த பலகையைத் திரும்பிப் பார்த்தார். முகம் சிவந்தது. விசிலை ஊதினார். மறுபடியும் ஊதினார். விசிலுக்குப் பிள்ளைகள்தான் ஏறி நின்றன, அவள் ஏறவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அன்னக்கொடியிடம் போனார்.

"நீங்கதான் அம்மாவா? பிள்ளையக் கூப்பிடுங்க. மூச்சு முட்டிச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அன்னக்கொடி முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள். "அய்யா, அவ கெணத்துல மதியம் எறங்குனா பொழுது சாயத்தான் ஏறுவா. முட்டாது. ஒரு கையெழுத்துத்தான கேக்குறா, எழுதிக் குடுத்துருங்க. எங்களுக்கும் பஸ்சு இருக்கு."

"பத்து நிமிஷம் ஆச்சு சார்!" என்றாள் வித்யா போனைப் பார்த்தபடி.

மூன்றரை போனது. மூன்றே முக்கால் ஆனது. நாலு மணிக்கு ஆண்கள் வாசல் திறந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர்கள், நடுக்குளத்தில் ஒரு பெண் தலை மட்டும் தெரிவதைப் பார்த்து அப்படியே நின்றார்கள். சோணை அவர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். அந்தப் பக்கம் சத்தம் கிளம்பியது. கற்பகத்தின் இடது கெண்டைக்கால் சுண்டி இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வலது காலாலேயே சமாளித்தாள். அழுகை வந்தது. குளத்துத் தண்ணீரில் யாருக்குத் தெரியப்போகிறது என்று அழுதுகொண்டே மிதந்தாள்.

தங்கபாண்டி யாரிடமோ போனில் வரமுடியாது என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். குரல் இறங்கியிருந்தது.

"ஓரமா வாம்மா. பிடிக்க வேணாம், பக்கத்துல வந்து மித. சொல்றதக் கேளு. போன வருஷம் ஒரு பையனுக்கு, தெரிஞ்சவங்க சொன்னாங்கன்னு பாக்காமலே எழுதிக் குடுத்தேன். கடற்கரைக் காவல் வேலைக்கு. வேலைல சேந்த மாசமே அலைல மாட்டி, ஆசுபத்திரில ஒரு வாரம் கிடந்தான். அவன் நீச்சலும் உன்னது மாதிரிதான். தலைய மேல வச்சுக்கிட்டு. கெணத்துல அலை கிடையாது, சரியாப் போச்சு. கடல்ல மொத அலையே வாயில வந்து அடிக்கும். முகத்தத் தண்ணிக்குள்ள வச்சு மூச்ச விடத் தெரியணும். உனக்குத் தெரியாது. மொத நாளே பாத்துட்டேன்."

கற்பகத்துக்குச் சுரீரென்றது. உண்மைதான். கிணற்றில் பாசியும் தவளையும் மிதக்கும். முகத்தை முக்கி நீந்தியவர் அங்கே யாரும் இல்லை. உண்மை என்று தெரிந்ததில் ஆத்திரம் இன்னும் கூடியது.

"மொத நாளே பாத்தீங்கன்னா மொத நாளே சொல்லியிருக்கலாம்ல சார்? பன்னெண்டு நாளு. பன்னெண்டு நாளும் பலகையப் பிடிச்சு உதற விட்டீங்களே! இந்நேரம் பழகியிருப்பேனே!"

"நீ வந்து கேட்டது சான்றிதழ்தானம்மா. நீச்சல் சொல்லிக் குடுங்கன்னு ஒரு நாளாவது கேட்டியா?"

கற்பகம் அவரை முறைத்தாள். பிறகு அவள் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். கண்ணைத் திறந்தபடி, கையை வீசி, மூச்சை விட்டு, அடுத்த மூச்சுக்குத் தலையைத் திருப்பினாள். பாதி மூச்சும் பாதிக் குளோரின் தண்ணீரும் உள்ளே போனது. இருமினாள். மறுபடியும் வைத்தாள். பதினைந்து மீட்டரில் மூக்கு எரிந்து, கண் இருட்டி, ஓரக் கம்பியைப் பிடித்துவிட்டாள். பிடித்த பிறகுதான், பிடித்துவிட்டோம் என்பது உறைத்தது.

"நாப்பத்தெட்டு நிமிஷம்" என்றாள் வித்யா மெதுவாக.

தங்கபாண்டி அலுவலகத்துக்குப் போய்த் தாளோடு திரும்பி வந்தார். கையெழுத்தும் இருந்தது, முத்திரையும் இருந்தது. இருநூறு மீட்டர், தேர்ச்சி. மிதத்தல், நாற்பத்தெட்டு நிமிடம், தேர்ச்சி. கீழே குறிப்பு என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரி: தலையை நீருக்கு வெளியே வைத்தே நீந்துகிறார். அலையுள்ள கடலில் இறங்குமுன் முகம் நனைத்து மூச்சுவிடப் பயில வேண்டும்.

"சார், இத மட்டும் அடிச்சுருங்க சார். இதப் பாத்தா என்னைய எடுக்க மாட்டாங்க."

"பாத்தத எழுதியிருக்கேன். எதையும் அடிக்க மாட்டேன்."

"சார்..."

"இல்லம்மா."

ஆண்கள் உள்ளே வந்துவிட்டார்கள். அன்னக்கொடி துண்டைப் போர்த்தி மகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஆரப்பாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் தாளை ஸ்கேன் செய்தார்கள். மூன்று தடவை நெட் அறுந்து, நாலாவது தடவை போனது. குறிப்புக் கட்டத்தை மறைத்து ஸ்கேன் எடுக்கலாமா என்று அவள் ஒரு நிமிடம் யோசிக்கத்தான் செய்தாள். கடைக்காரரும் "வேணும்னா கட் பண்ணிரலாம்மா" என்றார். கற்பகம் அம்மாவைப் பார்த்தாள். அன்னக்கொடிக்கு என்ன பேசுகிறார்கள் என்றே புரியவில்லை. பொட்டலத்தைப் பிரித்துப் பணியாரம் எடுத்து நீட்டினாள். "அப்படியே அனுப்புங்கண்ணே" என்றாள் கற்பகம்.

நாலு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் மாரிசெல் எழுதியிருந்தாள். 'வாழ்த்துகள். உங்கள் இடம் உறுதி. பயிற்சியாளரின் குறிப்பை ஏற்று, உங்களை முதல் மூன்று மாதம் படகுக் குழுவில் சேர்க்காமல் கரைக் குழுவில் வைக்கிறோம். கடல்நீர் வற்றும் நேரத்தில் கரையோரப் படுகையில் நடந்து புல் அடர்த்தியைக் கணக்கெடுப்பீர்கள். பயிற்சிக்குப் பின் மறுபரிசீலனை.'

"கெடைச்சிருச்சா?" என்றாள் அன்னக்கொடி.

"கெடைச்சிருச்சு."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"மறுபடியும் புல்லு எண்ணத்தாம்மா கூப்பிடுறாங்க. புல்லு எண்ண அங்க எதுக்குப் போகணும்? அதான் இங்கயே ரெண்டு வருஷம் எண்ணுனேனே."

பெரியகருப்பன் ஜீப்புச் சக்கரத்தின் நட்டை இறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "போறியா, இல்லையா? அத மட்டும் சொல்லு. போறேன்னா மதுரை ஏர்போர்ட்டுக்கு நான் லோடு இறக்கிட்டு வந்து கொண்டுபோய் விடணும்."

"போறேன்" என்றாள் எரிச்சலோடு. அப்பா மறுபடியும் நட்டை இறுக்கக் குனிந்தார். ஏலக்காய்க் கம்பெனியைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சு எடுக்கவில்லை.

விசாவுக்கு ஒரு மாதம் அலைந்து, நவம்பர் நடுவில் போய்ச் சேர்ந்தாள். தீவில் அவளோடு வந்த ஏழு பேரும் முதல் நாளே முங்குகிற உடுப்பை மாட்டிக்கொண்டு படகில் ஏறினார்கள். கற்பகத்துக்கு ஒரு ரப்பர் செருப்பும், அரை மீட்டர் சதுரச் சட்டமும், அளவு நாடாவும், தண்ணீரில் நனைந்தாலும் எழுதும் பலகையும் கொடுத்தார்கள். காலையில் தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்துச் சேற்றில் இறங்க வேண்டும். சட்டத்தைப் போட வேண்டும், உள்ளே எத்தனை பங்குக்குப் புல் என்று பார்த்து எழுத வேண்டும், பத்து மீட்டர் தள்ளி அடுத்த சட்டம். வெயில் முதுகைப் பிளக்கும். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப் போகும். படகில் போனவர்கள் சாயங்காலம் வந்து ஆமையைப் பார்த்தோம், திருக்கையைப் பார்த்தோம் என்று சொல்லிச் சிரிக்கும்போது, தட்டில் இருக்கிற சோற்றை அளைந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள்.

மூன்றாவது வாரத்தில் ஒரு காலை. முழங்கால் தண்ணீரில் ஏழாவது சட்டத்தைப் போடப் போனவள், புல்லுக்கு நடுவே ஒரு வெற்றுத் தடத்தைப் பார்த்தாள். ஒரு சாண் அகலம். களைக்கொத்தியால் இழுத்த மாதிரி, வேரோடு புல் போய், மணல் வெளுத்துத் தெரிந்தது. இரண்டு பக்கமும் புல் அடர்ந்து நிற்க, நடுவில் அந்தக் கோடு நெளிந்து நெளிந்து போனது. தடத்தின் ஓரத்தில் பிடுங்கிப் போட்ட இலைகள் இன்னும் பச்சையாகக் கிடந்தன.

கடற்பசு மேய்ந்த தடம். ராத்திரி கடல் ஏற்றத்தில் வந்து மேய்ந்துவிட்டுப் போயிருக்கிறது.

அவள் குந்தி உட்கார்ந்து தடத்துக்குள் விரலை வைத்தாள். இரண்டு வருடம், சாக்கு சாக்காகப் புல் எண்ணியிருக்கிறாள். சாக்கில் புல் வரும், மேய்ச்சல் வராது. நாடாவை எடுத்து அகலம் அளந்தாள். பத்தொன்பது சென்டிமீட்டர். எழுதினாள். நீளம் அளக்கத் தடத்தின் கூடவே நடந்தாள். பத்து மீட்டர். இருபது. தண்ணீர் தொடைக்கு வந்தது. முப்பத்தொன்று. இடுப்புக்கு வந்தது. தடம் நிற்கவில்லை. ஆழம் பார்த்து, நீல நிறம் தொடங்குகிற பக்கமாக, மங்கலாகிப் போய்க்கொண்டே இருந்தது.

இடுப்புக்கு மேல் கரைக் குழு போகக் கூடாது.

"கற்பகம்!" கரையிலிருந்து மாரிசெல் கையசைத்தாள். "ஏற்றம் தொடங்கிவிட்டது. திரும்பி வா!"

"தடம் உள்ளே போகிறது! எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும்!"

"படகுக் குழு பார்த்துக்கொள்ளும்! உன் பகுதி அங்கே முடிகிறது!"

படகுக் குழு அன்று தீவின் மறுபக்கம் போயிருந்தது. அவர்கள் இந்தப் பக்கம் வர இரண்டு நாளாகும், அதற்குள் நாலு ஏற்றம் வந்து தடத்தை மூடிவிடும். கற்பகம் நாடாவின் முனையைப் பிடித்தபடி நின்றாள். பலகையில் நீளம் என்ற கட்டத்தில் 31 என்று எழுதினாள். எழுதியது பொய்யாகத் தோன்றியது. பக்கத்தில், 'இதற்கு மேல் அளக்க அனுமதி இல்லை' என்று எழுதிப் பென்சில் முனை ஒடிகிற அளவுக்கு அடிக்கோடு போட்டாள்.

"கற்பகம்!"

"வர்றேன்! வர்றேங்குறேன்ல!" என்று தமிழிலேயே கத்திவிட்டு, நாடாவைச் சுருட்டிக்கொண்டு கரையைப் பார்த்து நடந்தாள்.